கிடைக்கும் என்று சொல்லாத ஊசியக்கா

முதல் நாள் ஊசியக்கா என்னிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்துக்கு என் முகத்தைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"காலையில தயிர் திண்டயா?"

"ஓம்."

"இனித் திங்காத."

மட்டக்களப்பில் பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எருமைத் தயிர் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பகல் சாப்பாடு முடிந்ததில்லை. ஆனால் என் கர்ப்பப்பை குளிர்ந்துபோய்க் கிடக்கிறது என்பது அவருடைய கட்சி. வெளியே கொதிக்கிற வெயில். மின்சாரம் இல்லாததால் காற்றாடி சுற்றவில்லை. முதுகில் வியர்வை வழிந்து சட்டை ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே குளிருகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. என் கையையே பிடித்து என் பாதத்தில் வைத்து, "தொட்டுப் பார்" என்றார். பாதம் சில்லென்றுதான் இருந்தது. அன்றைக்குச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஊரில் அதை யாரும் பாவித்ததில்லை, நானும் இங்கே பாவிக்கப்போவதில்லை. புளியந்தீவில், வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பெரிய வீடொன்றின் முன்னறையில் அக்குபஞ்சர் வைத்தியம் செய்துவந்தார். இளவயதில் தட்டெழுத்து வேலைக்குக் கொழும்பு போனவர், அங்கே மாலை வகுப்பொன்றில் சேர்ந்து சீன வைத்தியம் படித்திருக்கிறார். கலவரத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது ஊர் முதலில் அவரைக் கழன்ற கேஸ் என்றது. பிறகு முதுகு நோ, முழங்கால் நோ, கை கால் இழுத்த பாரிசவாதம் என்று ஒவ்வொருவராக ஒழுங்கைக்குள் நுழைந்தார்கள். நித்திரை வராதவர்கள்தான் அதிகம் வந்தார்கள். சண்டைக் காலத்தில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்?

நான் போனது பிள்ளைக்காக. கலியாணமாகிப் பல வருடம். கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்கில் குழாய்க் குழந்தை வைத்தியம் தொடங்கியிருந்தோம். அங்கே என் பக்கத்துக் கதிரையில் காத்திருந்த பெண்தான், இதோடு சேர்த்து அக்குபஞ்சர் செய்தால் கரு தங்க உதவுமாம் என்று காதில் போட்டாள். எங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கும்போது விடுவேனா? அந்த நேரத்தில் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் உதவும் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

எனக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் நிறைய இருந்தார்கள். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டு வந்த சித்தி, அடுத்த வருடம் பிள்ளையோடு வருவாய் என்றார். அம்மன் கோயில் சடங்கில் தெய்வமாடிக் கட்டு என்கிற குறி சொன்னவர், வேப்பிலையை என் மடியில் போட்டு, கொடுத்தேன் என்றார். கொழும்பு டொக்டர் நூற்றுக்கு இத்தனை என்று கணக்குச் சொன்னார். எல்லோரும் எதையாவது கொடுத்தார்கள். ஊசியக்கா மட்டும் ஒன்றும் தரவில்லை.

"எனக்குக் கிடைக்குமா அக்கா?" என்று இரண்டாம் முறை போனபோது கேட்டேன்.

"எனக்குத் தெரியா."

"ஊசி போட்டா கிடைக்கும் எண்டுதானே சொல்றாங்க?"

"சொல்றவங்கள்ட்டக் கேள். என்னால நித்திரை வரப்பண்ணலாம். கால் குளிர்றதக் குறைக்கலாம். மத்தது எனக்குத் தெரியா."

அதுதான் ஊசியக்கா. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. நேராகக் கேட்டுக் கிடைக்காததைச் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது மெதுவாக, "அக்கா, தெரிஞ்ச தச்சனொருவர் தொட்டில் செய்து தாறன் எண்டவர். சொல்லிவிடட்டா?" என்றேன். ஊசியை விரலுக்கிடையில் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "சொல்லிவிடு. தொட்டில் கிடைக்கும்."

கோபம் வந்தது. அவர் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு தனியே சிரித்ததும் ஞாபகமிருக்கிறது.

இந்தக் குணம் ஆமிக்காரனிடமும் மாறாது என்பதைப் பாதையடியில் கண்டேன். வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில், கிழக்கே எங்கள் பக்கம் ஆமியின் கையில். என் கணவருக்குக் கரடியனாற்றுப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர் வேலை. அங்கேயே தங்கியிருந்து, ரோட்டுத் திறந்திருந்தால் சனி ஞாயிறில் வருவார். அவரைப் பார்த்துவிட்டு நான் திரும்பிய ஒருநாள், பாரிசவாதக்காரர் ஒருவருக்கு வைத்தியம் செய்துவிட்டு அக்காவும் அதே பாதையில் வந்தார். இறங்கியதும் சோதனை. அவருடைய பையில் மொக்சாக் குச்சிகள் இருந்தன. காய்ந்த மூலிகையை இடித்துத் தாளில் இறுக்கிச் சுருட்டியது, தடித்த சுருட்டு அளவில் இருக்கும். நுனியைக் கொளுத்தி, தோலில் படாமல் கிட்டப் பிடித்துச் சூடு காட்டுவார். குளிர்ந்த கர்ப்பப்பைக்கு அதுதான் மருந்து. தாளின்மேல் சீன எழுத்து வேறு.

சோதனைக்குப் பொறுப்பானவன் ஒரு குச்சியைத் தூக்கிப் பார்த்தான். முகம் மாறியது. மீனுக்கு எறிகிற டைனமைட் அவன் பார்த்திருப்பான்போல. எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னான். துவக்குகள் திரும்பின. 

"மருந்து," என்றார் அக்கா சிங்களத்தில். கொழும்புச் சிங்களம், தங்குதடை இல்லாதது.

"இது வெடிக்காது என்று நிச்சயமாகச் சொல்கிறாயா?"

வேறு யாராக இருந்தாலும் கோயிலில் சத்தியம் செய்வதுபோல் செய்திருப்பார்கள். அக்கா கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே நின்று யோசித்தார். பிறகு, "நான் கொளுத்தினதில் இதுவரை ஒன்றும் வெடிக்கவில்லை," என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவன் ஒரு தீப்பெட்டியை எறிந்து, கொளுத்து என்றான். எல்லோரும் பின்னுக்குப் போனார்கள். அக்கா அந்த வெட்டவெளியில் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குச்சியைப் பற்றவைத்து, சேலையை முழங்காலுக்கு உயர்த்தித் தன் காலுக்கே சூடு காட்டிக்கொண்டிருந்தார். அந்த இலைக்குக் கஞ்சா மணம் வேறு. குச்சி கால்வாசி எரிந்தபின் அவன் வந்து, என்ன வருத்தத்துக்கு இது என்று கேட்டான். "பிள்ளை தங்குவதற்கு," என்றார். அவன் சின்னப் பெடியன். காது சிவந்துபோய்ப் பையை நீட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெடிக்காது எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன அக்கா?" என்று ரோட்டுக்கு ஏறியதும் கத்தினேன்.

"பெட்டியில வந்த சாமான் புள்ள. நான் சுருட்டினதா?" என்றார்.

கொழும்பு மருந்தும் அவர் மருந்தும் ஒன்றோடொன்று மோத அவர் விட்டதில்லை. மாத்திரை, வயிற்றில் போடும் ஹோர்மோன் ஊசி, ஸ்கான், எல்லாத் திகதியும் கேட்டு, அதற்குத் தக்கபடி தன் நாளை மாற்றிக்கொள்வார். கொழும்பு ஊசி குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதற்கு ஒரு வழிதான் இருந்தது: மீன் வாடியில் ஐஸ் உடைத்து வாங்கி ஃபிளாஸ்க்கில் போட்டு வைப்பது. என் பிள்ளைக்கான மருந்தில் எப்போதும் கொஞ்சம் பாரை மீன் மணம் இருந்தது. அந்த நாட்களில் அக்கா தன் சீனக் கசாயப் பொட்டலத்தைத் தரமாட்டார். நானே கெஞ்சிக் கேட்டும் தரவில்லை.

"ரெண்டும் உள்ளுக்குப் போய் என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியா. தெரியாததத் தரமாட்டன். டொக்டர் தந்ததப் போடு. நான் அதுக்குப் பக்கத்தில இரிக்கிறன்."

பக்கத்தில் இருப்பது என்றால் அவருக்கு மணிக்கட்டைப் பிடிப்பது. மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, முதலில் இடக்கை, பிறகு வலக்கை. சீன வைத்தியத்தில் நாடி பார்க்க அவசரப்படக் கூடாதாம். அந்த வருடங்களில் என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. கணவர் வாவிக்கு அந்தப் பக்கம். வீட்டில் அம்மாவும் நானும், எங்களுக்கு நடுவில் ஒரு பேச்சும். ஊசியைவிட அந்தக் கைபிடிப்புக்காகத்தான் நான் போகிறேனோ என்று சிலநேரம் தோன்றியிருக்கிறது.

அம்மாவின் பேச்சைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு வளவு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற வம்சமும் தாய்வழிதான். அதனால் குத்திக்காட்ட எனக்கு மாமியார் தேவைப்படவில்லை, அம்மாவே போதும். அம்மாவுக்கு நான் ஒரே மகள். முற்றம் கூட்டும்போது, கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது, யாரிடமோ கேட்பதுபோல் கேட்பார்: "எனக்குப் பொறகு இவள். இவளுக்குப் பொறகு ஆரு?" ஆண்பிள்ளை அம்மாவுக்கு வேண்டாம். அது இன்னொரு வளவுக்குப் போய்விடும். பெண்பிள்ளை வேண்டும்.

அக்காவின் வீடும் அக்காவுடையதல்ல என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அவர் கலியாணம் முடிக்கவில்லை. வீட்டைத் தங்கையின் மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். அவர்கள் கனடா போய்விட்டார்கள். இவர் முன்னறையையும் குசினியையும் மட்டும் பாவித்துக்கொண்டு, மற்ற அறைகளைப் பூட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பூட்டைத் திறந்து கூட்டித் துடைத்துவிட்டு மறுபடி பூட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை நேரத்தோடு போய்விட்டேன். வெறும் அறையொன்றின் நடுவில் தும்புத்தடியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஒருத்தரும் நடக்காத நிலத்தில எப்பிடிப் புள்ள இவ்வளவு புழுதி?" என்றார். நானும் ஒருநாள் இப்படித்தான் நிற்பேன் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

கடன்படாமல் இரண்டு தடவை செய்யத்தான் எங்களிடம் காசு இருந்தது. முதல் தடவை இப்படிப் போனது. ஸ்கான் இங்கேயே எடுத்துக் கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்வோம். முட்டைகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, கணவரோடு புறப்பட்டு வா என்று டொக்டர் சொன்ன அன்று சண்டை மூண்டது. பாதை ஓடவில்லை. தரைவழியான கறுத்தப்பாலத்து ரோட்டும் பூட்டு. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒன்றும் நடக்காததுபோல் வாவி. வயிறு வீங்கி, நடக்கவே கஷ்டமாக இருந்தது. இத்தனை ஊசிக்கும் வளர்ந்தவை வீணாகிக்கொண்டிருப்பதை வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் எனக்கு இருந்தது. திகதி தாண்டிப்போயிற்று.

அன்று அக்காவிடம் போய்ச் சத்தம் போட்டேன். யாரிடமோ போடவேண்டிய சத்தம்.

"மறுகா கிடைக்கும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. சும்மாவெண்டாலும் சொல்லுங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சா போயிடும்?"

அவர் கோபிக்கவில்லை. என் எதிரே வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லிப்போட்டனெண்டா நீ இஞ்ச வாறது அந்தச் சொல்லுக்கு. அது பலிக்கல்லண்டா மறுகா உனக்கு என்ட முகத்தில முழிக்க ஏலாது. பொறகு எங்க போவாய்? சொல்லு."

 அவருக்கும் நான் வராவிட்டால் யார் வருவார்கள் என்பதைச் சேர்த்துத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. மூக்கைச் சீறிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரோட்டுத் திறந்திருந்தது. கணவர் வந்தார். கொழும்பில் கருவை உள்ளே வைத்தார்கள். சில நாள் லொட்ஜில் படுத்திருந்துவிட்டு ஊருக்கு வந்தோம். அவர் பாடசாலைக்குப் போனார். இரத்தம் சோதிக்கிற நாளுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதற்குள் சீனி வருத்தம் முற்றிச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. கால் வீங்கி, முகம் வெளுத்து, சோறு இறங்காமல் இருந்தார். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். அந்த மாரி முடியும்வரைகூட அம்மா இருக்கவில்லை.

சோதனைக்கு முன்னமே, ஒரு விடியற்காலையில், எனக்கு இரத்தம் கண்டது. வருடக்கணக்காக மாதாமாதம் அதைப் பார்த்து வந்தவளுக்குச் சந்தேகம் வராது. கொஞ்சநேரம் கிணற்றுக் கட்டில் இருந்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு புளியந்தீவுக்குப் புறப்பட்டேன். அம்மா அன்றைக்கென்று பிடிவாதம் பிடித்தார், "உன்ட ஊசிக்காரிய நானும் ஒருக்காப் பார்க்க வேணும்" என்று. மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழி நெடுக அம்மா என் வயிற்றுப் பக்கம் மழை அடிக்காமல் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அறையை நடுவில் ஒரு பழைய சேலை பிரித்திருந்தது. அம்மாவை அந்தப் பக்கம் கதிரையில் இருத்திவிட்டு உள்ளே வந்தேன். அக்கா மணிக்கட்டுக்குக் கையை நீட்டினார். நான் குரலைத் தாழ்த்தி, "வந்திட்டுது அக்கா," என்றேன்.

"எப்ப?"

"விடியக்குள்ள."

"நிறையவா?"

"ஓம். எல்லாம் போயிட்டுது."

"அம்மாக்கு?"

"சொல்லல்ல."

அவர் மணிக்கட்டை விடவில்லை. "படு. நித்திரைக்குப் போட்டுவிடுறன்," என்றார். உச்சந்தலையில் ஒன்று, இரண்டு காதிலும், கைகளில், கணுக்காலுக்கு மேலே, பாதத்தில் என்று ஊசிகள் இறங்கின. அன்று ஒன்றும் நோகவில்லை. சேலையை இழுத்துவிட்டு வெளியே போனார்.

அம்மா அதற்காகவே காத்திருந்திருக்க வேண்டும்.

"புள்ள, எனக்கு ஊசி கீசி வேணாம். நான் இனிக் கனநாள் இல்ல. ஒண்டு மட்டும் சொல்லு. இவளுக்குக் கிடைக்குமா?"

எனக்குத் தெரியா அம்மா என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன். எத்தனையோ முறை நான் வாங்கிய பதில். அது வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. தெரியாததைத்தான் அவர் சொல்லமாட்டார். இன்றைக்கு அவருக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடுவாரோ? எழும்பி ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. உடம்பு முழுக்க ஊசி. அசைய முடியாது.

"கிடைக்கும் அம்மா," என்றார் ஊசியக்கா.

"உண்மையாவா?"

"ஓம்."

"பொம்புளப் புள்ளயா?"

"பொம்புளப் புள்ளதான். நாடியில தெரியிது." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. "நல்ல சுகமா இரிப்பா. உங்கட சாயல்தான் வரும். உங்கட வளவில அவதான் விளக்கு வைப்பா."

அம்மா சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. சேலைக்கு அப்பாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மகள், கேட்டயாகா? பொம்புளப் புள்ளயாம்!"

கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை.

"ஓம் அம்மா," என்றேன். "கேட்டது."

அக்கா உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் என் காதுகளை ஒற்றித் துடைத்தார். ஊசிகளில் படாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிற பிடி அல்ல, விரல்களெல்லாம் சேர்ந்த பிடி.   சேலைக்கு அந்தப் பக்கம் அம்மா, பெண்பிள்ளைப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.